விரலை எடுத்தால் காலும் போய்விடுமா?

சர்க்கரை நோயாளிகளின் கால் பிரச்சினைகள்: அறுவை சிகிச்சை மருத்துவர் பதில்கள்

அப்பாவுக்குக் கட்டைவிரல் கறுத்துவிட்டது, எடுக்கணும் என்கிறார்கள். விரலில் கை வைத்தால் முட்டி வரை போகும் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். (பாலக்கோடு)

ஊர்ப் பேச்சில் பாதி உண்மை. விரலை எடுத்தும் ஆறாமல், மேலே மேலே வெட்ட வேண்டி வந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்குக் காலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று முன்கூட்டிப் பார்த்திருக்கவில்லை. ரத்தம் வராத இடத்தில் வெட்டினால் அந்தப் புண்ணும் ஆறாது. அதனால் டாக்டரிடம், "டாப்ளர் பார்த்தாச்சா?" என்று கேளுங்கள்; காலில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் ஸ்கேன் அது. அடைப்பு இருந்தால் பலூன் வைத்தோ பைபாஸ் செய்தோ ரத்த ஓட்டத்தைச் சரிசெய்துவிட்டு விரலை எடுப்பார்கள். கறுப்பு காய்ந்து சுருங்கியிருந்தால்தான் இதற்கெல்லாம் அவகாசம். ஈரமாக இருந்து நாற்றம் அடித்தால், காய்ச்சலும் வந்தால், ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது. சீழை வெளியேற்றிவிட்டுத்தான் மற்றது. ஆபரேஷனுக்குப் பிறகு புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டிருந்தால் பதறாதீர்கள். உள்ளே சீழ் தங்கக் கூடாதென்று அப்படி விடுகிறோம்.

மாந்தோப்பில் முள் குத்தி ஒரு மாதம். சின்ன ஓட்டைதான், வலியே இல்லை. ஆபரேஷன் எதற்கு? (பர்கூர்)

வலி இல்லாததுதான் எனக்குக் கவலை. நரம்பு மரத்த கால் எதையும் சொல்லாது. ஒருவரைச் செருப்பைக் கழற்றச் சொன்னேன்; உள்ளே ஒரு புளியங்கொட்டை, காலையிலிருந்து அதை மிதித்தபடியே நடந்திருக்கிறார். உங்கள் காலில் உள்ள அந்த ஓட்டைக்குள் மழுங்கிய கம்பியை மெல்ல விட்டுப் பார்ப்போம். கல்லில் தட்டுவதுபோல் 'டக்'கென்றால் எலும்பு வரை கிருமி போயிருக்க வாய்ப்பு அதிகம். முதல் இரண்டு வாரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், மறுபடி எடுங்கள். சிலருக்கு ஆறு வார மருந்திலேயே சரியாகும். மற்றவர்களுக்குக் கெட்ட எலும்பைச் சுரண்டி எடுத்தாக வேண்டும்.

புண் இல்லை. ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக இருக்கிறது. சுளுக்கென்று எண்ணெய் தேய்க்கிறேன். (அரூர்)

தேய்ப்பதை நிறுத்துங்கள், அந்தக் காலை ஊன்றாதீர்கள். சார்கோ பாதமாக இருக்கலாம்: எலும்புகள் வலியில்லாமல் நொறுங்கும். உடனே காட்டினால் மாவுக்கட்டுப் போட்டு, மாதக்கணக்கில் ஓய்வு. சீழ் என்று நினைத்துக் கத்தி வைத்துவிடக் கூடாது.

மாத்திரை வீட்டுக்கே வருகிறதே, ஆஸ்பத்திரி எதற்கு? (சூளகிரி)

மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, எனக்கும் பெருமைதான். ஆனாலும் வருடம் ஒருமுறையாவது பத்து கிராம் நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி உணர்ச்சியைச் சோதிக்க வேண்டும். அதற்கு நீங்கள் நேரில் வர வேண்டும்.

எம்.சி.ஆர். செருப்பு (பாதத்தை உறுத்தாத மெத்தென்ற ரப்பர் செருப்பு) வீட்டுக்குள்ளுமா? (தர்மபுரி)

ஆமாம். பூஜை அறைக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.