சேஃப்கார்டிங் பொறுப்பை ஏற்கலாமா என்று கேட்ட தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

மட்டக்களப்பிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து எட்டு மாதங்களே ஆன உங்களை, நீங்கள் வழிபடும் ஆங்கிலிக்கன் தேவாலயத்தின் குருவானவர் சேஃப்கார்டிங் ஒஃபிசராக, அதாவது பிள்ளைகளும் தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பெரியவர்களும் துன்புறுத்தப்படாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளராக, இருக்கும்படி கேட்டிருப்பதாகவும், தமிழ் ஆராதனைக்கு வரும் பெரியவர்கள் சிலர் "அது வீட்டுப் பிரச்சினைகளைப் பொலிசுக்குக் கொண்டுபோகிற வேலை, வேண்டாம் பிள்ளை" என்று தடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இதே பொறுப்பில் லண்டனில் பதினொரு வருடங்களாக இருக்கிறேன். ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். ஆனால் எதை ஏற்கிறீர்கள் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

துப்பறிவதும் தீர்ப்புச் சொல்வதும் உங்களிடம் விடப்படவில்லை. ஒரு பிள்ளையோ, தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத பெரியவரோ துன்புறுத்தப்படுகிறார் என்ற கவலை உங்கள் காதுக்கு வந்தால், 24 மணி நேரத்துக்குள் மறைமாவட்டத்தின் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். உடனடி ஆபத்து என்றால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் அவசர சேவை எண்ணான 999 ஐ அழைக்க வேண்டும். விசாரிப்பது பொலிசும் உள்ளூராட்சிச் சமூக சேவைப் பிரிவும். மற்றக் காலமெல்லாம் பெரும்பாலும் காகித வேலைதான்: ஞாயிறு பாடசாலையில் நிற்பவர்களின் டி.பி.எஸ். எனப்படும் குற்றப் பதிவுச் சோதனைச் சான்றிதழ், பயிற்சி, நற்சான்றுக் கடிதங்கள். வெளிநாட்டுக் குற்றப் பதிவேடுகளை டி.பி.எஸ். பார்க்க முடியாது என்பதால், புதிதாக வந்த நம்மவர்களிடம் ஊர்ப் பொலிஸ் சான்றிதழும் கேட்க நேரிடும். ஊரில் இருபது வருடம் ஞாயிறு பாடசாலை நடத்திய ஓர் அம்மா, "என்னையே சந்தேகப்படுகிறீர்களா?" என்று என் முன்னால் அழுதார். குருவானவரும் நானும் இதே சோதனைக்கு உட்பட்டவர்கள்தான் என்று சொன்ன பிறகே பேனாவை எடுத்தார்.

இத்தனை கண்டிப்பு ஏன் என்று பெரியவர்கள் கேட்பார்கள். சிறுவர் பாலியல் துன்புறுத்தல் பற்றிய சுயாதீன விசாரணை 2020 ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, 1940களிலிருந்து 2018 வரை ஆங்கிலிக்கன் சபையான இங்கிலாந்துத் திருச்சபையின் குருமாரும் பொறுப்பில் இருந்தவர்களுமாக 390 பேர் இத்தகைய குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டதைப் பதிவு செய்தது. கிறிஸ்தவ முகாம்களில் சந்தித்த இளைஞர்களைக் கொடூரமாக அடித்த ஜோன் ஸ்மைத் பற்றி 2024 நவம்பரில் மேக்கின் விசாரணை அறிக்கை வெளிவந்து ஒரு வாரத்துக்குள், அத்திருச்சபையின் தலைமைக் குருவாக, கன்டர்பரி பேராயராக, அப்போது இருந்த ஜஸ்டின் வெல்பி அதற்குப் பொறுப்பேற்றுத் தாம் பதவி விலகுவதாக அறிவித்தார். தெரிந்தவர்கள் வாய் திறக்காமல் இருந்த வருடங்களில்தான் அடுத்த பிள்ளைகள் அகப்பட்டார்கள். இதைவிட நம் கூட்டங்களுக்கு நெருக்கமாக எனக்குத் தோன்றுவது, 2000 ஆம் ஆண்டு லண்டனில் சித்திரவதையால் இறந்த எட்டு வயதுச் சிறுமி விக்டோரியா கிளிம்பியேயின் கதை. உடலில் காயங்களோடு தேவாலயத்துக்குக் கூட்டிச் செல்லப்பட்ட அவளைப் பிசாசு பிடித்திருப்பதாகவே நினைத்தார்கள். நம் ஜெபக் கூட்டங்களிலும் ஒரு பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொல்லக் கேட்டால், அதைக் கவலையாகவே எடுத்து அறிவியுங்கள்.

என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். பொறுப்பேற்ற முதல் வருடம், ஆராதனை முடிந்து மண்டபத்துச் சமையலறையில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். துடைத்துத் தர வந்த பிள்ளை ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பத் துடைத்தபடி, "அன்ரி, ஒன்று சொன்னால் ஒருவரிடமும் சொல்ல மாட்டீங்கள்தானே?" என்று கேட்டது. பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்று, "சொல்ல மாட்டேன் குஞ்சு" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கேட்டதை அன்றிரவே அறிவித்தேன். அந்த வாக்கை நான் மீறியதை அந்தப் பிள்ளை நெடுநாள் மறக்கவில்லை. இப்போதெல்லாம், "உன்னைக் காப்பாற்ற உதவக்கூடியவர்களிடம் மட்டும் நான் சொல்ல வேண்டி வரலாம், அதனால் பரவாயில்லையென்றால் சொல்லு" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை ஒரு பிள்ளைகூட அதைக் கேட்டுப் பேச்சை நிறுத்தியதில்லை.

பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். தமிழில் சொன்னால் தமிழிலேயே எழுதி, அருகில் ஆங்கிலத்தைத் தனியாக எழுதுங்கள். "அப்பா அடிச்சவர்" என்பதில் உள்ள அடி, தோளில் ஒரு தட்டாகவும் இருக்கலாம், பெல்ற்றால் விழுந்த அடியாகவும் இருக்கலாம். அதை நாமே எடைபோட்டு மொழிபெயர்த்தால், ஒன்றில் குடும்பத்துக்கு அநியாயம் நடக்கும், அல்லது பிள்ளைக்கு. ஸ்கொட்லாந்து 2020 இலும் வேல்ஸ் 2022 இலும் பெற்றோர் பிள்ளைகளை அடிப்பதை முற்றாகத் தடை செய்தன. இங்கிலாந்தில் சட்டம் அவ்வளவு தெளிவாக இல்லை. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதை அதிகாரிகள் பார்த்துக்கொள்ளட்டும். எழுதியதன் கீழே திகதி, நேரம், கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும்.

உறவுக்காரரையோ மூப்பரையோ பற்றிய முறைப்பாடும் ஒருநாள் வரும். "குடும்ப மானம் போய்விடும், நாங்கள் உள்ளுக்குள் பேசித் தீர்க்கிறோம்" என்று உங்கள் வீட்டுக்கே வருவார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுங்கள், மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் அறிவித்ததைத் திரும்பப் பெறாதீர்கள்.

சம்மதம் சொல்வதற்கு முன் குருவானவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: உங்களோடு இன்னொருவரையும் நியமிப்பாரா, உங்கள் சொந்த எண் வெளியே போகாமல் இதற்கென்று தனியாக ஒரு கைத்தொலைபேசி தருவாரா, தமிழ் ஆராதனையை நடத்துகிற பெரியவர்களும் உங்களோடு அதே பயிற்சியில் உட்காருவார்களா. மூன்றாவதற்கு அவர் தயங்கினால், அவர்கள் பயிற்சிக்கு வரும் திகதி உறுதியாகும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.