வீட்டில் செய்த கேமரா–திரைக் கண்ணாடி பார்வைக் குறைவு உள்ளவருக்கு உண்மையில் உதவுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கேமரா பிடிப்பதைக் கண்முன் உள்ள திரையில் பெரிதாக்கிக் காட்டும் கருவி இது: ராஸ்ப்பெரி பை 5 (ஒரே பலகையில் அடங்கும் சிறு கணினி), அதன் மூன்றாம் பதிப்புக் கேமரா (அகலக்கோணம் அல்லாதது), கண்ணுக்கு ஒன்றாக 0.71 அங்குல முழு ஹெச்டி மைக்ரோ ஓஎல்இடி திரைகள், முன்னால் 22 மி.மீ. குவியத்தூர லென்ஸ்கள். மாட்டிப் பார்த்தால் கண் அட்டையில் நாலைந்து வரி கூடுதலாகப் படிக்க முடிகிறது. அப்படியானால் கருவி வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நாலைந்து வரியும் ஜூம் தந்தவை. லாக்மார் எனும் கண் சோதனை அட்டையில் ஒவ்வொரு வரியும் முந்தியதைவிட 1.26 மடங்கு சிறியது. எனவே படத்தை 2 மடங்கு பெரிதாக்கினாலே மூன்று வரி, 3 மடங்குக்கு ஏறக்குறைய ஐந்து வரி கிடைத்துவிடும். கையில் பிடித்த ஃபோன் கேமராவும் அதே ஐந்து வரியைத் தரும். ஆகவே உங்கள் கருவியை வெறும் கண்ணோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். அது ஜெயிக்க வேண்டியது ஃபோனை. இரண்டு கையும் வேறு வேலையில் இருக்கும்போது ஃபோன் செய்ய முடியாததை இது செய்தால்தான் தலையில் பாரம் சுமப்பதற்கு அர்த்தம் உண்டு.

சோதனைக்கு ஆளைக் கூப்பிடுமுன் மேசையிலேயே நான்கு எண்களை எடுத்துவிடுங்கள்: திரை அடைக்கும் கோணம், உருப்பெருக்கம், ஒரு டிகிரிக்கு எத்தனை பிக்சல், தாமதம்.

கோணத்துக்கு டேப் போதும். சுவரிலிருந்து சரியாக 1 மீட்டரில் கண்ணை வைத்து, ஒரு கண்ணால் திரையையும் மற்றக் கண்ணால் சுவரையும் பாருங்கள். திரையின் இரு ஓரங்களும் சுவரில் விழும் இடத்தைக் குறித்துக்கொண்டால், உங்கள் லென்ஸுக்கு அகலம் 71 செ.மீ. அளவில் வரவேண்டும். அதாவது 39 டிகிரி. 60 செ.மீ.தான் வருகிறது என்றால் கண் லென்ஸிலிருந்து தள்ளியிருந்து ஓரங்கள் வெட்டுப்படுகின்றன என்று பொருள். மூக்குத்தாங்கியைச் சரிசெய்யுங்கள். இரு லென்ஸ் மையங்களுக்கும் இடையிலான தூரம் அணிபவரின் கண்மணி இடைவெளிக்குப் பொருந்த வேண்டும். பெரியவர்களில் இது ஏறக்குறைய 54 முதல் 74 மி.மீ. வரை மாறும். பொருந்தாவிட்டால் இரட்டைப் படமோ தலைவலியோதான்.

கேமரா 66 டிகிரி அகலம் பார்க்கிறது, திரை 39 டிகிரிதான். முழுப் படத்தையும் அப்படியே திரையில் போட்டால் உலகம் பாதியளவுக்குச் சுருங்கித் தெரியும். உள்ளது உள்ளபடி, அதாவது 1 மடங்கில் காட்ட, படத்தின் நடு 55 சதவீத அகலத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். 2304 பிக்சல் அகல வீடியோவில் அது சுமார் 1267 பிக்சல். சரிபார்க்க அதே சுவர் முறைதான்: 10 செ.மீ. இடைவெளிக் கோடுகள் இரு கண்ணிலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் 1 மடங்கு. இந்த அளவுத்திருத்தம் இல்லாமல் மென்பொருள் காட்டும் "3 மடங்கு" என்ற எண்ணை நம்பக்கூடாது.

அடுத்தது பலர் கோட்டைவிடும் இடம். 6/6 என்பது இயல்பான பார்வை. 6/12 என்றால் இயல்பான கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடியும். 6/6 பார்வைக்கு டிகிரிக்கு 60 பிக்சல் வேண்டும். 2304 பிக்சல் முறையில் இந்தக் கேமரா நடுப்பகுதியில் டிகிரிக்கு சுமார் 31 பிக்சல்தான் பதிவுசெய்கிறது. அதனால் இந்த முறையில் கருவி வழியே எவரும் 6/12-ஐத் தாண்டிப் படிக்க முடியாது. ஜூம் இருக்கிற பிக்சலைத்தான் பெரிதாக்கும். புது விவரம் எதையும் கொண்டுவராது. 6/60 உள்ளவருக்கு 5 மடங்கு வரை பலன் உண்டு, அதற்கு மேல் மங்கல் மட்டுமே வளரும். அந்த 5 மடங்கில் திரைக்குள் அடங்கும் உலகம் 8 டிகிரிதான், நீட்டிய கையின் முஷ்டி மறைக்கும் அளவைவிடவும் குறைவு. முழுத் தெளிவான 4608 பிக்சல் முறை டிகிரிக்கு 62 தரும். ஆனால் அதன் வேகம் விநாடிக்கு 14 ஃபிரேம், தலையை அசைத்தால் தாங்காது. ஆகவே நகரும் படத்துக்கு 2304, பட்டனை அழுத்தினால் 4608-இல் ஒரு படத்தைப் பிடித்து உறையவைக்கும் வசதி என்று பிரித்துவிடுங்கள். பெயர்ப்பலகை படிக்க இந்தப் பட்டனைவிட உபயோகமான அம்சம் எதுவும் இல்லை என்றே சொல்வேன். விநாடிக்கு 120 ஃபிரேம் தரும் 1536 பிக்சல் முறையைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: அது சென்சாரின் நடுப்பகுதியை மட்டுமே எடுக்கிறது, கோணம் மூன்றில் இரண்டாகக் குறையும். மேலே சொன்ன வெட்டுக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

தாமதத்தை அளக்க ஒரு எல்இடியும் விநாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஃபோனும் போதும். எல்இடியைக் கேமராவுக்கு முன் வையுங்கள். ஃபோனின் பார்வையில் எல்இடியும் கண்ணாடித் திரையும் சேர்ந்து விழட்டும். எல்இடி எரிந்த ஃபிரேமிலிருந்து திரையில் எரிந்த ஃபிரேம் வரை எண்ணி 4.17-ஆல் பெருக்கினால் மில்லி விநாடி. ஒரு தடவை போதாது. 20 தடவை எடுத்து நடு மதிப்பையும் மிக மோசமானதையும் குறியுங்கள். தலை விநாடிக்கு 60 டிகிரி திரும்பும்போது 80 மில்லி விநாடித் தாமதம் என்றால் படம் 4.8 டிகிரி பின்தங்கும். 3 மடங்கு ஜூமில் அதுவே 14 டிகிரிக்கு மேல். குமட்டல் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

தாமதம் 100 மில்லி விநாடியைத் தாண்டினால் செயலியைக் குறை சொல்லுமுன் ஃபிரேம் வரிசையைப் பாருங்கள். பட மெருகேற்றம் கேமராவின் வேகத்துக்கு ஈடுகொடுக்காதபோது பழைய ஃபிரேம்கள் வரிசையில் தேங்கும். விநாடிக்கு 56 ஃபிரேம் ஓடும் 2304 முறையில் தேங்கும் ஒவ்வொன்றும் 18 மில்லி விநாடி. எப்போதும் கடைசியாக வந்ததை மட்டும் காட்டு, மற்றதைத் தூக்கிப் போடு என்று நிரலை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். யூஎஸ்பி வெப்கேமராக்களில் இந்தத் தேக்கம் இன்னும் மோசம், போதாததற்குச் சுருக்கிய படத்தை விரிக்கும் நேரமும் சேரும். கேமரா 56, திரை 60 என்று ஓடினால் விநாடிக்கு நான்கு தடவை படம் துள்ளும். திரை ஏற்குமானால் இரண்டையும் 50-இல் நிறுத்துங்கள்.

கேமரா அமைப்பில் இரண்டைத் தானியங்கியாக விடாதீர்கள். ஒன்று ஆட்டோஃபோகஸ்: தலை திரும்பும்போதெல்லாம் அது தேடத் தொடங்கி, கண் சோதனையையே கெடுத்துவிடும். லென்ஸ் நிலையை டயாப்டரில் (1-ஐ மீட்டர் தூரத்தால் வகுத்த எண்) கையால் கொடுங்கள். தொலைவுக்கு 0, அரை மீட்டருக்கு 2. மற்றொன்று எக்ஸ்போஷர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளியை வாங்கும் நேரம்: மங்கிய அறையில் அது 1/60 விநாடிக்கு நீண்டால், அதே தலைத்திருப்பத்தில் படம் 1 டிகிரி, அதாவது 31 பிக்சல் இழுபடும். 1/250 என்றால் 7 பிக்சல் அளவில் நிற்கும், ஆனால் இரைச்சல் கூடும். விளக்கு மினுங்கிக் கோடுகள் ஓடினால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 10 மில்லி விநாடியின் மடங்குகளையும், 60 ஹெர்ட்ஸில் 8.33-இன் மடங்குகளையும் வையுங்கள். 1/250-உம் இதுவும் சேர்ந்து கிடைக்காது. நல்ல வெளிச்சத்தில் மினுக்கலைச் சகித்துக்கொண்டு வேகத்தை எடுப்பது, மங்கலில் 10 மில்லி விநாடிக்கு இறங்குவது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி ஆள். யாருக்கு என்ன குறை என்று தெரியாமல் சோதித்தால் முடிவு எதற்கும் உதவாது. விழித்திரையின் மையம் கெட்டு ஓரம் நன்றாக இருப்பவருக்கு ஜூம் பலன் தரும். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா (விழித்திரை படிப்படியாகக் கெடும் பரம்பரை நோய்), முற்றிய கிளாக்கோமா (கண்ணழுத்த நோய்) போன்றவற்றில் பார்வை குழாய் போலச் சுருங்கியிருக்கும். அவருக்கு ஜூம் இருப்பதையும் பிடுங்கிக்கொள்ளும். தேவை அதற்கு நேர்மாறு, சுருக்கிக் காட்டுவது. ஹார்வர்டின் ஷெப்பன்ஸ் கண் ஆராய்ச்சி நிலையத்தில் ஒளி ஊடுருவும் திரையில், சுருக்கிய காட்சியின் விளிம்புக் கோடுகளை மட்டும் உண்மைக் காட்சியின்மேல் படியவிட்டு ஆராய்ந்தது இதற்காகத்தான். கருவிழி மங்கல், கண்புரை இருப்பவருக்கு மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) கூட்டுவதும், வெள்ளைத் தாளைக் கறுப்பாகத் திருப்பிக் காட்டுவதும் ஜூமைவிட அதிகம் உதவலாம். நல்ல கண் உள்ளவர் மங்கல் தாளை ஒட்டிக்கொண்டு பார்ப்பது இவற்றில் எதற்கும் பதிலாகாது. கருவி பழுதில்லாமல் ஓடுகிறதா என்று பார்க்க மட்டும் அவரை வைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்படை அளவு அவருடைய சரியான பவர் கண்ணாடியோடு எடுக்கப்பட வேண்டும். பழைய கண்ணாடியோடு எடுத்தால், புதுக் கண்ணாடி தந்திருக்கக்கூடிய பலனையும் உங்கள் கருவியின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். அட்டைக்கு எழுத்துகள் வேண்டாம், லாண்டோல்ட் வளையம் அச்சிடுங்கள். வளையத்தில் உள்ள இடைவெளி எந்தப் பக்கம் என்று மட்டும் சொன்னால் போதும். மொழியும் மனப்பாடமும் குறுக்கே வராது. 2 மீட்டர் தூரத்தில் 6/6 அளவு வளையத்தின் விட்டம் 2.9 மி.மீ., 6/60-க்கு 29 மி.மீ., இடைவெளி விட்டத்தில் ஐந்தில் ஒன்று. வரிக்கு ஐந்து வளையம், நான்கு திசை, நான்கு சரியானால் தேர்வு. குருட்டாம்போக்கில் சொல்லி அப்படித் தேறும் வாய்ப்பு 1.6 சதவீதம்தான். குறைந்தது ஆறு அட்டைகளில் திசைகளை மாற்றி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் வெறும் பவர் கண்ணாடி, பிறகு கருவி, மறுபடி கருவி, மறுபடி வெறும் பவர் கண்ணாடி. பழக்கமும் களைப்பும் இரு பக்கமும் சமமாகப் பங்காகும். ஃபோனுக்கும் இதே முறை. ஒரு வரி வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது நாளுக்கு நாள் இயல்பாகவே ஏறி இறங்கும். வெவ்வேறு நாட்களில் மூன்று தடவையும் இரண்டு வரிக்கு மேல் நின்றால் பேசலாம்.

அட்டையை விட முக்கியமானது வேலை. அவர் தினமும் திணறும் மூன்று வேலைகளை அவரையே சொல்லச் சொல்லுங்கள்: மருந்துப் பட்டையில் பெயர் படிப்பது, எதிரில் உட்கார்ந்தவரின் முகபாவம் அறிவது, இரு கையாலும் காய் நறுக்குவது. ஒவ்வொன்றுக்கும் நேரமும் பிழையும் குறியுங்கள். வாசிப்பில் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணாதீர்கள். தமிழில் ஒரு சொல்லே மூன்று சொல் நீளம் போகும், எழுத்துகளை எண்ணுவதே நியாயம். ஜூமைக் கூட்டக் கூட்ட வேகம் ஏறி ஓரிடத்தில் நின்று, பிறகு இறங்கும். எழுத்து பெரிதாக ஆக வரியில் தெரியும் எழுத்துகள் குறைந்து, அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடியே நேரம் போகிறது. அந்த உச்சம்தான் அவருக்கான ஜூம், படிக்க முடிகிற மிகப் பெரிய ஜூம் அல்ல. கை எட்டும் வேலையில் இன்னொரு பொறி: கேமரா கண்ணுக்கு 5 செ.மீ. மேலே இருந்தால், 40 செ.மீ. தூரத்தில் 7 டிகிரி பிசகும். கத்தி ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம் தெரியும். கத்திக்கு முன் முனை மழுங்கிய கரண்டியால் பழகவிடுங்கள்.

விளிம்புக் கூர்மையையும் உள்ளூர் மாறுபாட்டு மெருகேற்றத்தையும் (படத்தின் ஒவ்வொரு சிறு பகுதியிலும் மாறுபாட்டைக் கூட்டுவது) தனித்தனியாக இயக்கிச் சோதிக்கவும். இரண்டையும் சேர்த்தே போட்டால் எது உதவியது என்று தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் மாறுபாட்டு மெருகேற்றம் இரைச்சலையும் சேர்த்து ஊதிப் பெருக்கும். வெளிச்ச அறையில் வென்ற அமைப்பு அங்கே தோற்பதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம்.

முதல் அமர்வு உட்கார்ந்தபடி, 10 நிமிடம். நிமிடத்துக்கு ஒருமுறை குமட்டலை 0 முதல் 20 வரை எண்ணாகச் சொல்லச் சொல்லி, அடுத்தடுத்து இரண்டு தடவை ஏறினால் கழற்றுங்கள். மினுங்கும் ஒளியால் வலிப்பு வந்த வரலாறு உள்ளவரைச் சோதனைக்கே எடுக்கக்கூடாது. ஜூம் போட்டபடி நடக்கவிடாதீர்கள், படிக்கட்டு எந்த அமைப்பிலும் வேண்டாம். கேபிள் கழன்றால் திரை கறுத்து, அவர் அந்த நொடியே பார்வையற்றவர் ஆகிறார். திரைக்குக் கீழும் பக்கவாட்டிலும் சட்டத்தைத் திறந்தே விடுங்கள். லித்தியம் மின்கலம் நெற்றியிலோ பின்தலையிலோ இருக்கக்கூடாது, இடுப்புப் பையில் இருக்கட்டும். ராஸ்ப்பெரி பை பலகையைப் பின்தலைப் பட்டையில் வைத்தால் முன்பாரத்துக்கு எடை சமன் ஆகும், கேமராவின் ரிப்பன் கேபிளும் நீளாது. ஆனால் அது நன்றாகச் சூடேறும், விசிறியும் தோலுக்கும் பலகைக்கும் இடையே காற்று இடைவெளியும் கட்டாயம்.