கர்ப்பிணிகள் குழுவில் இருப்பதா, விலகுவதா?

கேள்வி: எனக்கு இது முதல் கர்ப்பம். 26 வாரம் ஆகிறது. பரிசோதனைக்குப் போன இடத்தில் பழக்கமான கர்ப்பிணிகள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு குழுவாக இருக்கிறோம். நேரிலும் ஃபோனிலும் அடிக்கடி பேசிக்கொள்வோம். ஒருவர் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார், ஒருவர் இன்சுலின் போடுகிறார், இன்னொருவருக்குக் குழந்தையின் நுரையீரலுக்கான ஊசி போட்டாயிற்று. எனக்கு இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் மட்டும்தான். இதே வாரத்தில் இருக்கும் தோழியின் குழந்தை எடை 950 கிராம், என் குழந்தை 850 கிராம். எனக்குக் கால் வீங்கியபோது எல்லோரும் ‘சகஜம்தான்’ என்றார்கள். போன மாதம் எங்களில் ஒருவருக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை. ‘அந்தக் குழுவே வேண்டாம், வெளியே வா’ என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?

பதில்: வெளியே வர வேண்டாம். எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது என்று குழுவில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அதைச் சரிசெய்தால் போதும்.

பெண்கள் கூடிப் பேசுவதால் வரும் பலன் வெறும் ஆறுதலோடு நின்றுவிடுவதில்லை. நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் மாதம் ஒருமுறை பெண்கள் கூடி, கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தங்களுக்கு வரும் சிக்கல்களைப் பேசி, அவற்றுக்கு என்ன செய்யலாம் என்று தாங்களே முடிவெடுத்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண். 2004இல் வெளியான அந்த ஆய்வில், குழுக்கள் இருந்த பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு மற்ற பகுதிகளைவிட 30 சதவீதம் குறைவாக இருந்தது. கனடாவில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு வரக்கூடிய நிலையில் இருந்த தாய்மார்களில் ஒரு பகுதியினரிடம், அதே சோர்விலிருந்து மீண்ட பெண்கள் ஃபோனில் தொடர்ந்து பேசினார்கள். 2009இல் வெளியான முடிவின்படி, அப்படித் துணை கிடைத்தவர்களில் 12 வாரம் கழித்து 14 சதவீதம் பேருக்கும், கிடைக்காதவர்களில் 25 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வுக்கான அறிகுறிகள் இருந்தன. உங்கள் கையில் இருப்பது இப்படிப்பட்ட துணை. அதை விட்டுவிடாதீர்கள்.

நிறுத்த வேண்டியது, மருந்தையும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிடுவதைத்தான். நீங்கள் சொன்னவற்றையே எடுத்துக்கொள்வோம்.

ஆஸ்பிரின், முந்தைய கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறியவர்கள், ஏற்கெனவே ரத்த அழுத்தமோ சர்க்கரையோ சிறுநீரக நோயோ இருப்பவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் போன்றோருக்குக் கர்ப்பகால ரத்த அழுத்த நோயைத் தடுக்கக் கொடுப்பது. 75 முதல் 150 மில்லிகிராம் வரை, 12ஆம் வாரத்துக்குப் பிறகு, 16ஆம் வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். 26 வாரத்தில் தோழியைப் பார்த்து நீங்களாக ஆரம்பிப்பதில் பயனில்லை. நுரையீரல் ஊசியும் இப்படித்தான். அது ஸ்டீராய்டு; சில நாட்களுக்குள் குறைப்பிரசவம் ஆகிவிடும் என்று மருத்துவர் கருதினால் மட்டுமே போடுவார்கள். வழக்கமாக 12 மில்லிகிராம் பீட்டாமெத்தசோன், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. போட்ட 24 மணி நேரத்திலிருந்து ஏழு நாளுக்குள் பிரசவம் ஆனால்தான் அதிகப் பலன். முன்னெச்சரிக்கையாக எல்லோருக்கும் போட்டுவைக்கிற ஊசி அல்ல. அதை உங்களுக்குப் போடவில்லை என்றால், குறைப்பிரசவ அறிகுறி எதுவும் உங்களிடம் தெரியவில்லை என்று அர்த்தம்.

குழந்தையின் எடை விஷயத்தில் பலரும் வீணாக நொந்துபோகிறார்கள். ஸ்கேனில் குழந்தையை யாரும் எடை போடுவதில்லை. தலையின் சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றை அளந்து ஒரு சூத்திரத்தில் போட்டால் எடை வருகிறது. இதில் 15 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். அப்படியானால் 850 கிராம் என்பது 720 முதல் 980 வரை எதுவாகவும் இருக்கலாம். தோழியின் 950 என்பது 810 முதல் 1,090 வரை. உங்கள் குழந்தைதான் பெரியதோ என்னவோ! 26 வாரத்துக்கு 850 கிராம் இயல்பான எடைதான். வளர்ச்சி சரியா என்று பார்க்க, உங்கள் ஸ்கேனை உங்களுடைய முந்தைய ஸ்கேனோடுதான் ஒப்பிட வேண்டும். அதுவும் குறைந்தது இரண்டு மூன்று வார இடைவெளி இருந்தால்தான் அர்த்தம். இன்னொன்றையும் கவனியுங்கள். இருவருக்கும் ‘26 வாரம்’ என்கிறீர்கள். ஒருவருக்கு முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனை வைத்து நாள் கணக்கிட்டிருப்பார்கள். இன்னொருவருக்குக் கடைசி மாதவிடாய்த் தேதியை வைத்து. இரண்டுக்கும் ஒரு வார வித்தியாசம் இருந்தாலே எடையில் 100 கிராமுக்கு மேல் மாறிவிடும்.

சர்க்கரைப் பரிசோதனையிலும் இதே குழப்பம் வரும். ஓரிடத்தில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் மறுபடி எடுப்பார்கள். 92, 180, 153 என்ற அளவுகளில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே சர்க்கரை என்பார்கள். வேறிடத்தில் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை என்று 75 கிராம் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் 140 வருகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். முறை தெரியாமல் ‘உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு’ என்று எண்ணைப் பேசினால் பயம்தான் மிஞ்சும்.

ஆனால் இதே பரிசோதனையை எப்படிச் சமாளிப்பது என்று சொல்ல உங்கள் குழுவைவிட நல்ல இடம் கிடையாது. குளுக்கோஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால் பலருக்குக் குமட்டும். ஐந்து நிமிடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, நடக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வாந்தி வந்துவிட்டால் உடனே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அன்றைய முடிவை நம்ப முடியாது. இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். அது குமட்டினால் இரவு படுக்கும் முன் சாப்பிட்டுப் பார்க்கலாம், கால்சியத்தோடு சேர்த்துச் சாப்பிடாமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், டீ, காபி அருகில் கூடாது, மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம். இவை எல்லாம் ஏற்கெனவே கடந்து வந்தவர் வாயால் கேட்டால் மனதில் நிற்கும். பலர் மாத்திரையைச் சொல்லாமலே நிறுத்திவிடுவது இந்தச் சின்னத் தொல்லைகளால்தான். எந்த மாத்திரை, எத்தனை என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். அதை விடாமல் சாப்பிடுவது எப்படி என்பதைக் குழுவில் தாராளமாகப் பேசுங்கள்.

இப்போது நீங்கள் போகிற போக்கில் சொன்ன ‘சகஜம்தான்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். குழுக்களில் பயமுறுத்தும் பேச்சைவிட எனக்குக் கவலை தருவது இந்தத் தைரியப் பேச்சுதான். பயந்தவர் மருத்துவமனைக்கு வந்துவிடுவார். ‘எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை’ என்று கேட்டவர் காலைவரை காத்திருப்பார். சொன்னவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு ஒன்றும் ஆகாதது உண்மைதான். ஆனால் ஒரே அறிகுறி இருவருக்கு இரண்டு காரணத்தால் வரலாம். பிரஷர் பார்க்காமல், ரத்தம் எடுக்காமல் பிரித்தறிய யாராலும் முடியாது.

மாலையில் இரண்டு பாதங்களும் வீங்கி, கால் நீட்டிப் படுத்தால் வற்றிவிடுகிறது என்றால் பெரும்பாலும் கவலையில்லை. முகமும் கைவிரல்களும் திடீரென வீங்கினால், அல்லது வீக்கத்தோடு விடாத தலைவலி, கண்ணில் மின்னல் போலத் தெரிவது, விலா எலும்புக்குக் கீழே வலி, வாந்தி என ஏதாவது ஒன்று சேர்ந்தால் அன்றே பிரஷர் பார்க்க வேண்டும். 140/90 தொட்டாலே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 160/110 என்றால் நேராக மருத்துவமனைதான். வீட்டில் பார்ப்பதானால் சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, மேற்கையில் கட்டும் கருவியால் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். கைக்குச் சிறிதான பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். ஒரே காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் அது வேறு விஷயம். ரத்தக்கட்டாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது.

தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும், குறிப்பாக இரவில், அரிப்பதைத் ‘தோல் விரிவதால்’ என்று சொல்லிவிடுவார்கள். கல்லீரலில் பித்தநீர் தேங்கினாலும் இப்படித்தான் அரிக்கும். ரத்தத்தில் பித்த அமிலத்தின் அளவைப் பார்த்தால்தான் தெரியும். அது 100ஐத் தாண்டினால் குழந்தைக்கு ஆபத்து கூடுகிறது. உள்ளாடை அடிக்கடி நனைவதையும் வெள்ளைப்படுதல் அல்லது சிறுநீர்க் கசிவு என்று தாங்களே முடிவு கட்டுகிறார்கள். பனிக்குட நீர் சொட்டுச் சொட்டாகவும் கசியும். சுத்தமான நாப்கின் வைத்து, நிறத்தையும் வாடையையும் கவனித்து, அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். ரத்தக் கசிவுக்கு இந்தப் பொறுமைகூட வேண்டாம். உடனே கிளம்பிவிட வேண்டும்.

குழந்தையின் அசைவைப் பற்றியும் குழுவில் தவறாகப் பேசப்படுவது அதிகம். ‘கடைசி மாதங்களில் இடம் போதாது, அசைவு குறையத்தான் செய்யும்’ என்பது தவறு. அசைவின் விதம் மாறலாம், உதைப்பது போய்ப் புரள்வதுபோலத் தெரியலாம். அசைவே குறையக் கூடாது. உங்களுக்கு இந்த வாரங்களில் எந்த நேரத்தில், எவ்வளவு துள்ளல் என்று ஒரு வழக்கம் புரிய ஆரம்பிக்கும். ஒப்பிட வேண்டியது அந்த வழக்கத்தோடுதான். நஞ்சுக்கொடி முன்பக்கம் ஒட்டியிருப்பவருக்கு அசைவு மங்கலாகத்தான் தெரியும், அவருக்கும் உங்களுக்கும் எண்ணிக்கை ஒத்துப்போகாது. 28 வாரத்துக்குப் பிறகு அசைவு குறைந்ததுபோல் சந்தேகம் வந்தால், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து இரண்டு மணி நேரம் அதை மட்டும் கவனியுங்கள். பத்து அசைவு தெரியாவிட்டால் உடனே கூப்பிடுங்கள், இரவு என்றாலும் சரி. குறைந்துவிட்டது என்று சந்தேகமில்லாமல் தெரிந்தால் இந்த இரண்டு மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். இனிப்பு சாப்பிட்டுப் பார், குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார் என்று நேரம் கடத்த வேண்டாம். வீட்டில் வைத்துக் கேட்கும் இதயத்துடிப்புக் கருவியையும் நம்ப வேண்டாம். அதில் அம்மாவின் துடிப்பையே குழந்தையுடையது என்று நினைத்துவிடுவது நடக்கிறது. துடிப்பு கேட்பதாலேயே குழந்தை நலம் என்றும் ஆகாது.

குழுவில் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்றை யாராவது சொன்னால் பதிலுக்கு அனுபவம் சொல்லக் கூடாது. ‘மருத்துவமனைக்குப் பேசிவிட்டாயா? நான் கூட வரட்டுமா?’ என்று மட்டும் கேளுங்கள்.

குழந்தையை இழந்த தோழியை நினைத்து நீங்கள் எல்லோரும் தவித்திருப்பீர்கள். அவரைக் கேட்காமல் குழுவிலிருந்து நீக்காதீர்கள். இருக்க விருப்பமா, கொஞ்சநாள் ஒதுங்கியிருக்க விருப்பமா என்று நெருங்கிய ஒருவர் தனியாகக் கேட்கட்டும். ‘அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும்’ என்பதும், ‘என்ன காரணமாம்?’ என்பதும் வேண்டாம். பலருக்கு எல்லாப் பரிசோதனைக்குப் பிறகும் காரணம் தெரியாமலே போகிறது. இப்படிப் பிரசவித்தவருக்கும் சில நாட்களில் பால் சுரக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள்; அது உடலையும் மனதையும் ஒருசேர வதைக்கும். மார்பு கட்டிக்கொண்டு வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பேர் வைத்திருந்தால் அந்தப் பேரைச் சொல்லிக் குழந்தையைப் பற்றிப் பேசலாமா என்று கேளுங்கள். பெரும்பாலான தாய்மார் அதைத்தான் விரும்புகிறார்கள்.

இனி உங்கள் தூக்கம். ஒரு துயரச் செய்திக்குப் பின் சில இரவுகள் விழித்திருப்பது இயல்பு. நீங்கள் சொல்வது ஒரு மாதம். அதை இயல்பு என்று விட்டுவிட முடியாது. மகப்பேறு மருத்துவரிடம், மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விப் படிவத்தைக் கேளுங்கள். கடந்த ஏழு நாளைப் பற்றிய கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்ப்பது அவசியம். கடைசிக் கேள்வி தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு ‘எப்போதாவது’ என்று பதில் வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே உதவி வேண்டும். பேச்சு சிகிச்சை நல்ல பலன் தரும். மருந்து தேவைப்பட்டால் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடியவையும் இருக்கின்றன. 28 வாரத்திலிருந்து தூங்கப் போகும்போது ஏதாவது ஒரு பக்கமாகப் படுங்கள். மல்லாந்து படுத்துத் தூங்கப் போவது, வயிற்றில் குழந்தை இறக்கும் வாய்ப்பைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நடுவில் விழிக்கும்போது மல்லாந்து கிடப்பது தெரிந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும்.

28 வாரத்துக்குள் உங்களுக்குச் செய்யவேண்டியவை சில உண்டு. குளுக்கோஸ் பரிசோதனை இன்னும் செய்யவில்லை என்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள்; இந்த மாதங்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் அது கொஞ்சம் இறங்கும், 10.5க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் 28 வார ஊசியைப் பற்றிக் கேளுங்கள். பிரசவ அறையின் 24 மணி நேர எண்ணை உங்கள் ஃபோனிலும் கணவரின் ஃபோனிலும் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த பரிசோதனைக்கு அவரையும் அழைத்துப் போய், குழுவைப் பற்றி அவருக்கு இருக்கும் பயத்தை மருத்துவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.