யாக்கோபு 4:5 சொல்லும் ‘வேதவாக்கியம்’ எங்கே இருக்கிறது?

கேள்வி: எங்கள் ஞாயிறு பள்ளித் தேர்வுக்கு இந்த ஆண்டு யாக்கோபு நிருபம் பாடம். 4:5-ல், “நம்மில் வாசமாயிருக்கிற ஆவியானவர் நம்மிடத்தில் வைராக்கியவாஞ்சையாயிருக்கிறாரென்று வேதவாக்கியம் வீணாய்ச் சொல்லுகிறதென்று நினைக்கிறீர்களா?” என்று இருக்கிறது. இது பழைய ஏற்பாட்டில் எந்த வசனம்? ‘வைராக்கியம்’ என்று ஒத்தவாக்கிய அகராதியில் தேடியும் அகப்படவில்லை. கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்திலோ, நமக்குள் இருக்கும் ஆவி பொறாமைப்பட இச்சிக்கிறது என்ற பொருளில் இருக்கிறது. எது சரி? வினாத்தாளில் இதைக் கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள். இந்தச் சொற்களோடு பழைய ஏற்பாட்டில் ஒரு வசனமும் கிடையாது. பிள்ளைகள் என்ன எழுதினாலும் உங்களால் திருத்த முடியாது.

முதலில் ‘ஆவியானவர்’ என்ற சொல்லைப் பாருங்கள். கிரேக்கத்தில் இருப்பது வெறும் ‘ஆவி’. பழைய கையெழுத்துப் பிரதிகளில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடு இல்லாததால், அது மனித ஆவியா பரிசுத்த ஆவியா என்பதை எழுத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. தமிழில் மொழிபெயர்ப்பவருக்கு இது இன்னும் சிக்கல். ‘இருக்கிறது’ என்று முடிப்பதா, ‘இருக்கிறார்’ என்று முடிப்பதா என்று முதலிலேயே ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். நம் பழைய மொழிபெயர்ப்பு ‘ஆவியானவர்’ பக்கம் சாய்ந்தது.

அடுத்தது ‘வைராக்கியம்’. இதே நிருபத்தில் 3:14-ல் “கசப்பான வைராக்கியம்” என்று வாசிக்கிறோம். தமிழில் ஒரே சொல். கிரேக்கத்தில் வேறு வேறு. அங்கே இருப்பது ‘ஸேலொஸ்’, நல்ல பக்திவைராக்கியத்துக்கும் வரும், கெட்ட எரிச்சலுக்கும் வரும். 4:5-ல் இருப்பது ‘ஃப்தொனொஸ்’, அசல் பொறாமை. பிரதான ஆசாரியர்கள் பொறாமையினாலே இயேசுவை ஒப்புக்கொடுத்தார்கள் என்று மாற்கு 15:10 சொல்கிறதே, அதே சொல். தேவனைப் பற்றிப் பேசும்போது இப்படி ஒரு சொல் வருமா என்பதுதான் அறிஞர்களின் தலைவலி. வராது என்பவர்கள், மனித ஆவியின் பொறாமையைத்தான் யாக்கோபு கண்டிக்கிறார் என்கிறார்கள். 4:2-லும் பொறாமை பேசப்படுவதால் அந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் நான் மறுபக்கம்தான்: பொறாமையோடு ஏங்குகிறவர் தேவனே என்கிறேன். மூன்று காரணங்கள். ‘வாஞ்சிப்பது’ என்பதற்கு வரும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் மற்ற இடங்களில் எல்லாம் நல்ல ஏக்கத்தைத்தான் குறிக்கிறது. இரண்டாவது, ஓர் எழுத்து விவகாரம். சினாய், வத்திக்கான் என்ற மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இருப்பது ‘கத்தோகிசென்’, அதாவது ‘வாசம்பண்ணச் செய்தார்’. பிற்காலப் பிரதிகளில் ‘கத்தோகேசென்’, ‘வாசம்பண்ணினது’. காலப்போக்கில் இரண்டும் ஒரே மாதிரி உச்சரிக்கப்பட்டதால், நம்மூரில் ‘ல’வும் ‘ள’வும் படும் பாடு அங்கேயும் நடந்திருக்கிறது. பழைய பிரதிகளின் வாசகத்தை எடுத்துக்கொண்டால், ஆவியை நமக்குள் வைத்த தேவனே வாக்கியத்தின் எழுவாய் என்பது இயல்பாகப் பொருந்துகிறது: தாம் நமக்குள் வைத்த ஆவிக்காக அவர் பொறாமையோடு ஏங்குகிறார். மூன்றாவதுதான் எனக்குப் பெரிது. முந்தின வசனம் “விபசாரரே, விபசாரிகளே” என்று தொடங்குகிறது. உலகத்தோடு சிநேகம் வைத்தவர்களை, துரோகம் செய்த மனைவியாகப் பார்க்கிறது. அந்தப் படத்தில் அடுத்துப் பேச வேண்டியவர் புருஷன், அதாவது தேவன். புருஷனுக்கு வருவது பொறாமைதானே? பழைய யூத வரலாற்று நூலான 1 மக்கபேயர் 8:16-ல் ஃப்தொனொஸும் ஸேலொஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டையும் நெருங்கிய சொற்களாகப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது என்பதற்கு அது போதும்.

அப்படியானால் எந்த வேதவாக்கியம்? யாக்கோபு ஒரு வசனத்தை எழுத்துக்கு எழுத்து எடுக்கவில்லை, ஒரு கருத்தைச் சுருக்கிச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். மிக அருகில் வருவது யாத்திராகமம் 34:14: “கர்த்தருடைய நாமம் எரிச்சலுள்ளவர் என்பது.” உங்கள் அகராதி ஏன் கைவிட்டது என்பது இப்போது புரிந்திருக்கும், அங்கே ‘வைராக்கியம்’ இல்லை, ‘எரிச்சல்’ இருக்கிறது. யோவான் 7:38-ம் இதே ரகம்தான்: “வேதவாக்கியம் சொல்லுகிறபடி” என்று இருக்கும், அப்படியே தேடினால் கிடைக்காது. எண்ணாகமம் 11-ல் தீர்க்கதரிசனம் சொல்லும் எல்தாத், மேதாத் பெயரில் இருந்து தொலைந்துபோன ஒரு நூலிலிருந்து எடுத்திருக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. தொலைந்த நூலை வைத்து எதையும் நிரூபிக்கலாம், அதை விட்டுவிடுங்கள்.

மூல வசனம் கேட்டே ஆக வேண்டுமென்றால் அடுத்த வசனத்தைக் கேளுங்கள். “பெருமையுள்ளவர்களுக்கு எதிர்த்து நிற்கிறார்” என்ற 4:6-ன் மூலம் நீதிமொழிகள் 3:34. ஒரு எச்சரிக்கை: பிள்ளைகள் புரட்டிப் பார்த்தால் அங்கே “இகழ்வோரை அவர் இகழுகிறார்” என்று இருக்கும். நம் பழைய ஏற்பாடு எபிரெயத்திலிருந்து வந்தது; யாக்கோபு எடுத்தாண்டது செப்துவஜிந்த் என்ற கிரேக்க மொழிபெயர்ப்பை. இதை வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தேர்வு நடக்கும்போதே கை தூக்குவார்கள்.