பின்னாடி கேட்டு சாவி யார்கிட்ட இருக்கு?

இந்த வாரம் வந்த கடிதம் பூரா ஸ்கூலு, போலீசு, ஃபயர் சர்வீஸ் பத்தித்தான், எல்லாம் நம்ம வடசென்னை ஆளுங்க எழுதினது.

கேள்வி: என் பையன் தனியார் ஸ்கூல்ல மூணாவது படிக்கிறான். பின்னாடி கேட்டு எப்பவும் பூட்டியே இருக்கு. கேட்டா "ஃபயர் சர்டிபிகேட் மாட்டி வெச்சிருக்கோமே, பாக்கலயா"ன்றாங்க. அதுக்கு மேல கேக்கலாமா, இல்ல பையன் மேல கோவத்தைக் காட்டுவாங்களா? (ஒரு அம்மா, கொருக்குப்பேட்டை)

பதில்: கேளுங்கம்மா, கேட்டே ஆகணும். தனியார் ஸ்கூலுக்கு அங்கீகாரம் புதுப்பிக்க கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தர்ற கட்டட லைசென்ஸ், சுகாதாரச் சான்று, தீயணைப்புச் சான்று எல்லாம் வேணும்தான், ஆனா அந்த பேப்பர் ஆபீசர் வந்து பார்த்த அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னுதான் சொல்லும், இன்னைக்கு காலைல பதினோரு மணிக்கு கேட்டுல பூட்டு தொங்குதான்னு அது சொல்லாது. 2004 ஜூலை 16 கும்பகோணத்துல 94 பிள்ளைங்க போச்சுங்களே, சமையல் கொட்டாய்ல பிடிச்ச நெருப்பு கூரைக்குத் தாவி மேல் மாடி வகுப்புக்குப் போயிடுச்சு, இறங்க குறுகலான படிக்கட்டு. அதுக்கப்புறம் ஸ்கூல்ல கூரைக் கொட்டாயே கூடாதுன்னு எடுக்க வெச்சாங்க, நல்லதுதான், ஆனா கூரை போனா மட்டும் பத்தாது, பிள்ளை வெளிய வர வழி வேணும்.

அதனால கேக்கறதை இப்படிக் கேளுங்க. அந்த கேட்டு சாவி யார்கிட்ட இருக்கு, அவர் டீ குடிக்கப் போனா யார்கிட்ட இருக்கும்? ஸ்கூல் நடக்கிற நேரத்துல பூட்டே போடாம உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும் போட்டு, அங்க ஒரு ஆள் உக்காந்திருக்கிறதுதான் சரி. அப்புறம் மாடிப்படிக்கு அடியில பாருங்க, உடைஞ்ச பெஞ்சு, பழைய பரிட்சை பேப்பர், ஆண்டுவிழா தட்டினு அடைச்சு வெச்சிருப்பாங்க, நெருப்புக்கு அதைவிட தோதான இடம் கிடையாது, அதுவும் இறங்கற வழியிலேயே. செவுத்துல மாட்டின சிவப்பு சிலிண்டர்ல ஒரு மீட்டர் இருக்கும், முள்ளு பச்சையில நிக்கணும். அதை ஆயாவுக்கும் வாட்ச்மேனுக்கும் அடிக்கத் தெரியணும், பின்னை இழுத்துட்டு, கொழுந்துல அடிக்காம நெருப்போட அடியில குறி வெச்சு, அமுக்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கமா ஆட்டி அடிக்கணும், அவ்வளவுதான், ஆனா கையில எடுத்துப் பாக்காதவங்களுக்கு அந்த நேரத்துல பின்னு எங்க இருக்குன்னே தெரியாது.

ட்ரில் நடத்துறாங்களான்னும் கேளுங்க. நம்ம ஊர்ல ஷூவை கிளாஸ் வாசல்ல கழட்டி வெக்கிற பழக்கம், மணி அடிச்ச உடனே சின்னதுங்க ஷூ மாட்ட உக்காந்துடும், பின்னாடி வர்ற பிள்ளை அந்தக் குவியல்ல தடுக்கி விழும். ட்ரில் பண்ணினாத்தான் இதெல்லாம் டீச்சருங்க கண்ணுலயே படும்.

தனியா போகாதீங்க, நாலஞ்சு அம்மாங்க சேர்ந்து போங்க, லெட்டரா எழுதிக் குடுத்து தேதி போட்டு கையெழுத்து வாங்கிக்குங்க. மாநகராட்சி ஸ்கூலா இருந்தா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு, அதுல முக்கால்வாசி பெத்தவங்கதான் இருக்கணும்னு சட்டமே சொல்லுது, அங்கயே பேசலாம். ஸ்கூல்ல அசையலேன்னா 14417, பள்ளிக்கல்வித் துறை ஹெல்ப்லைன்.

கேள்வி: எங்க பக்கம் அடிக்கடி கேஸ் வாடை வருது. பசங்க ஸ்கூல்ல இருக்கும்போது வந்தா ஓடிப்போய் கூட்டிட்டு வந்துடவா? எந்த நம்பருக்கு அடிக்கிறது? (வாசகர், எர்ணாவூர்)

பதில்: 112க்கு அடிங்க, போலீஸ், ஃபயர், ஆம்புலன்ஸ் மூணுக்கும் அது ஒண்ணே போதும், பழைய 100, 101, 108ம் இருக்கு. எண்ணூர் பக்கம் ஆவடி கமிஷனரேட்டா சென்னையான்ற குழப்பமெல்லாம் உங்களுக்கு வேணாம், தெருப் பேரோட பக்கத்துல இருக்கிற கோயிலோ பஸ் ஸ்டாப்போ ஒண்ணு சேர்த்து சொல்லுங்க, வண்டி சீக்கிரம் வரும்.

2023 டிசம்பர் 26 நடுராத்திரி பெரியகுப்பத்துல கடலுக்கடியில வர்ற பைப்புல அமோனியா கசிஞ்சு ஜனங்க தூக்கத்துலேருந்து எழுந்து ஓடினாங்க இல்ல, அன்னைக்கு எந்தப் பக்கம் ஓடறதுன்னு சொல்ல ஆள் இல்லாததுதான் பெரிய கொடுமை. அமோனியா தண்ணியில கரையும், அதனால ஈரத்துண்டை மூக்குல வெச்சுக்கணும், கண்ணு எரிஞ்சா தண்ணிய ஊத்திக் கழுவிட்டே இருக்கணும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு நம்ம ஏரியால பாக்க கஷ்டமே இல்ல, சிம்னி புகை சாயறதைப் பாருங்க. வாடை வர்ற பக்கத்தைப் பாத்தும் ஓடக்கூடாது, காத்து போற பக்கமும் ஓடக்கூடாது, குறுக்கால விலகிப் போகணும்.

ஸ்கூல் விஷயத்துல மனசைக் கல்லாக்கிட்டுத்தான் சொல்றேன், வாயு வெளியில இருந்தா பிள்ளைங்க கதவு ஜன்னலை சாத்திட்டு உள்ளயே இருக்கிறது பல சமயம் நல்லது, உள்ள இருந்து கிளம்பினாத்தான் உடனே வெளிய வரணும். எதுன்னு தெரியாம நாம எல்லாரும் கேட்டுல போய் முட்டினா ஆம்புலன்ஸ் உள்ள போக முடியாது. ஆனா ஒண்ணு, 2024 அக்டோபர் 25 திருவொற்றியூர்ல ஒரு தனியார் ஸ்கூல்ல பிள்ளைங்க மயங்கி விழுந்து, நவம்பர் 4 திறந்த அன்னைக்கே மறுபடியும் சில பிள்ளைங்களுக்கு முடியாம போச்சு. காரணம் என்னன்னு பெத்தவங்களுக்கு சொல்லிட்டுத்தான் கேட்டைத் திறக்கணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

கேள்வி: ஃபயர் வண்டி வந்தா காசு கேப்பாங்களா? எங்க சந்துக்குள்ள வருமா? (வியாசர்பாடி வாசகர்)

பதில்: தீயணைக்க வர்றதுக்கு ஒரு பைசா கிடையாது. சந்துக்குள்ள வண்டி வரலேன்னா முனையில நிறுத்தி ஹோஸை இழுத்துட்டு வருவாங்க, நீங்க பைக்கை ரெண்டு பக்கமும் நிறுத்தாம இருந்தா அதுவே பெரிய உதவி. வேடிக்கை பாக்க நிக்காதீங்க. 2017 ஜூலைல கொடுங்கையூர் சிப்ஸ் கடைல சிலிண்டர் வெடிச்சு ஒரு தீயணைப்பு வீரர் செத்தார், சுத்தி நின்ன ஜனங்கள்லயும் நிறைய பேருக்கு தீக்காயம். வீட்டுல கேஸ் கசிஞ்சா சுவிட்சைத் தொடாதீங்க, போட்டிருந்தா அணைக்கவும் வேணாம், ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறந்துட்டு வெளிய வந்து 1906க்கு அடிங்க.

கேள்வி: ஸ்கூல் வாசல் பெட்டிக்கடைல புகையிலைப் பொட்டலம் விக்கிறாங்க, புகார் குடுத்தா வாங்குவாங்களா? (ஒரு தாத்தா, ராயபுரம்)

பதில்: வாங்கணும்யா. ஸ்கூல்லேருந்து 100 கெஜத்துக்குள்ள புகையிலை விக்கவே கூடாது, 2003 சட்டம். எழுதிக் குடுத்து சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கிட்டு வாங்க, ரசீது இல்லாம திரும்பாதீங்க.

கேள்வி: நான் ஒன்பதாவது படிக்கிறேன். வேன் டிரைவர் இறங்கும்போது வேணும்னே தொடறாரு. வீட்டுல சொன்னா ஸ்கூலை நிறுத்திடுவாங்க, போலீஸ் ஸ்டேஷன் போகவும் பயமா இருக்கு. (பேர் வேண்டாம், தண்டையார்பேட்டை)

பதில்: கண்ணு, உன் மேல ஒரு தப்பும் இல்ல. நீ ஸ்டேஷனுக்குப் போகவே வேணாம். பிள்ளைங்களை பாலியல் தொல்லையிலேருந்து காப்பாத்துற போக்சோ சட்டப்படி உன் வீட்டுலயோ நீ சொல்ற இடத்துலயோ வந்துதான் கேக்கணும், கூடுமானவரை பெண் போலீஸ்தான் வரணும், யூனிஃபார்ம் போடக்கூடாது, ராத்திரியில உன்னை ஸ்டேஷன்ல வெக்கவே கூடாது, உன் பேரை யாரும் வெளியிடவும் முடியாது. பிள்ளைங்களுக்கான ஹெல்ப்லைன் 1098க்கு நீயே பேசலாம், காசு கிடையாது. நாளைக்கே உனக்குப் பிடிச்ச டீச்சர் ஒருத்தர்கிட்ட சொல்லு, கேட்டுட்டு அவங்க சும்மா இருந்தா அதுவே குற்றம். உங்க வீட்டுல இதைப் படிக்கிறவங்களுக்கும் சொல்றேன், நிறுத்த வேண்டியது அந்த டிரைவரை, பொண்ணோட படிப்பை இல்ல.