மாங்கிளைக்கு வழக்குப் போடப் போகிறீர்களா? முதலில் சுவரைப் பாருங்கள்

கேள்வி: திருச்சி அருகே எங்கள் கொல்லையில் அப்பா 1994-இல் வைத்த இமாம்பசந்த் மாமரம் நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து மனையை வாங்கி வீடு கட்டியவர், பிஞ்சு விட்டிருந்த மூன்று கிளைகளைத் தன் மொட்டை மாடியிலிருந்தே ஆள் வைத்து வெட்டிவிட்டார். சருகு விழுந்து தண்ணீர்த் தொட்டி அடைக்கிறதாம். போன வருடம் அவர்களுக்குக் கூடை நிறையப் பழம் கொடுத்தோம். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மரம் வைத்தபோது அங்கே சுவர்கூட இல்லை, பிறகு அப்பாதான் குத்துமதிப்பாகக் கயிறு பிடித்துக் கட்டினார். போலீஸில் புகார் கொடுத்து, இனி மரத்தைத் தொடக்கூடாது என்று தடையுத்தரவும் வாங்க முடியுமா?

பதில்: பழக்கூடையை விட்டுவிடுவோம், கோர்ட்டில் அதற்கு எடை இல்லை. அவர் எங்கே நின்று எதுவரை வெட்டினார் என்பதுதான் விஷயம். தன் மாடியில் நின்று, தன் பக்கம் நீண்டதை வெட்டியிருக்கிறார். அது அவர் உரிமை. மரத்துக்கு முப்பது வயது ஆகிவிட்டதால் அடுத்தவர் மனைக்கு மேலே கிளை நீட்டும் பாத்தியதை வந்துவிடாது. அரிவாள் சுவரைத் தாண்டி உங்கள் பக்கம் வந்திருந்தால் கதை வேறு. அப்படி நீங்கள் எழுதவில்லை. பாரதிய நியாய சன்ஹிதா 324-ஆம் பிரிவில் சொத்துச் சேதம் என்று புகார் கொடுக்கச் சிலர் சொல்வார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும், அதோடு சரி. வெட்டிய கிளையும் அதிலிருந்த பிஞ்சும் உங்களுடையவைதான். அதற்காக வழக்குப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், பாவம்.

எனக்குப் பகீரென்றது ‘குத்துமதிப்பாகக் கயிறு பிடித்து’ என்ற இடத்தில்தான்.

தடையுத்தரவு கேட்டு முன்சீப் கோர்ட்டில் நீங்கள் வழக்குப் போட்டால், அவருடைய வக்கீல் மரத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். எல்லையே தவறு, அட்வகேட் கமிஷனர் (இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரக் கோர்ட் நியமிக்கும் வக்கீல்) வேண்டும் என்று மனுப் போடுவார். கமிஷனர் சர்வேயரோடு, மனையின் அரசு அளவு வரைபடமான எஃப்.எம்.பி. ஸ்கெட்சை எடுத்துக்கொண்டு உங்கள் கொல்லைக்கு வருவார். என் கட்சிக்காரர் ஒருவர் தென்னை மரத்துக்காக இப்படித்தான் போனார். அளந்தால் சுவர் அறுபதடி நீளத்துக்கு ஒன்றேகால் அடி எதிராளி மனைக்குள் நின்றது. எதிராளி உடனே அதே வழக்கில் தன் இடத்தைக் கேட்டு எதிர்க்கோரிக்கை போட்டார். நம்மவர் பயந்துபோய் வழக்கை வாபஸ் வாங்குகிறேன் என்றார். உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 8, விதி 6-டி: நீங்கள் வாபஸ் வாங்கினாலும் எதிர்க்கோரிக்கை தொடர்ந்து நடக்கும். கடைசியில் சுவர், மோட்டார் ரூம், தென்னை மூன்றும் போயின. நடந்தது ஏழு வருடம்.

பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, எதிரிடை அனுபோகம், அதாவது நெடுங்காலம் அனுபவித்ததாலேயே இடம் எங்களுடையது என்று சொல்லலாமே என்பீர்கள். அதைச் சொல்ல, அந்த இடம் அவருடையதுதான் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தெரிந்தே, அவர் உரிமைக்கு எதிராக அனுபவித்தோம் என்றும் நிரூபிக்க வேண்டும். கணக்குத் தவறிக் கட்டியதை எதிரிடை அனுபோகம் என்று கோர்ட்டுகள் எளிதில் ஏற்பதில்லை. உங்கள் அப்பா கட்டியதோ குத்துமதிப்பாக.

ஆகவே சமாதானமாகப் போங்கள். அதற்கு முன், கிரயப் பத்திரத்தில் உள்ள அளவுகளை வைத்து உங்கள் பக்கம் மட்டும் நீங்களே டேப் பிடித்துப் பாருங்கள். தாலுகா ஆபீஸில் அளக்க மனுக் கொடுத்துவிடாதீர்கள், பக்கத்து மனைக்காரருக்கும் நோட்டீஸ் போகும்.

அப்புறம், கிளை ஆபத்தாக நிற்கிறது என்று அவர் எழுத்தில் ஏதாவது அனுப்பினால் அதைச் சும்மா மடித்து வைக்காதீர்கள். நாளை அது ஒடிந்து அவர் கார் மேல் விழுந்தால், காற்றடித்தது நான் என்ன செய்ய என்பது எடுபடாது.

வருடா வருடம் அறுவடை முடிந்து ஆடி, ஆவணியில் உங்கள் செலவில் கவாத்து செய்கிறோம், பூ எடுத்ததிலிருந்து பழம் பறிக்கும்வரை அவர் கை வைக்கக்கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளில் ‘எல்லை’ என்ற சொல்லே வரக்கூடாது. ‘மாடிக்கு மேல் நீளும் கிளை’ என்றால் போதும்.