பவரைக் குறைத்துப் போட்டால் ஏறாமல் நிற்குமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. போன வருடம் மைனஸ் 1 இருந்த பவர் இப்போது மைனஸ் 1.75. கண்ணாடி போடப் போடத்தான் பவர் ஏறும், குறைத்தே போடு என்கிறார் என் மாமியார். இரவில் தெருவிளக்கைச் சுற்றிக் கதிர் கதிராகத் தெரிகிறது என்றும் மகள் சொல்கிறாள். கண்ணிலேயே கோளாறா டாக்டர்?

பதில்: தயவுசெய்து பவரைக் குறைக்காதீர்கள். மாமியாரின் சந்தேகத்தைப் பிள்ளைகளிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2002-ல் வெளியான மலேசிய ஆய்வில், முழுப் பவர் போட்டவர்களைவிட, சுமார் 0.75 குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை அதிகம் ஏறியது.

ஏறுவதற்குக் காரணம் கண் உருண்டை பின்பக்கமாக நீள்வது. பிறக்கும்போது சுமார் 17 மி.மீ. இருக்கும் கண், வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 24 மி.மீ. அதற்கு மேல் ஒரே ஒரு மி.மீ. நீண்டால் மைனஸ் இரண்டரை, மூன்று வரை போய்விடும். நீண்ட கண்ணைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வழியில்லை. நீளும் வேகத்தைக் குறைக்கலாம், அதற்கு ஒன்பது வயது நல்ல நேரம்.

பிம்பம் எங்கே விழுகிறது என்பதைப் பார்த்துத்தான் கண் வளர்கிறது. நல்ல பார்வையுள்ள கோழிக்குஞ்சின் கண்முன் தேவையில்லாத மைனஸ் லென்ஸ் மாட்டினால் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் போகிறது, அதை எட்டிப் பிடிக்கக் கண் நீள்கிறது. பிளஸ் மாட்டினால் வளர்ச்சி மந்தமாகிறது. பிள்ளைகளுக்காக இப்போது வரும் சில கண்ணாடிகளில் நடுப்பகுதியைச் சுற்றிலும் பொடிப்பொடி பிளஸ் லென்ஸ்களைப் பதித்திருப்பது இதை வைத்துத்தான். கண் நீளும் வேகத்தைக் குறைக்க, குறைந்த அளவு அட்ரோபின் என்ற சொட்டு மருந்தும் உண்டு. இரண்டில் எது பொருந்தும் என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்லவேண்டும், சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

மருந்துக்கு முன்னால் வெளிச்சம். தினமும் இரண்டு மணி நேரம் வெளியே விளையாடட்டும். மரநிழலில் இருந்தாலே போதும், வீட்டு விளக்கைவிட அங்கே வெளிச்சம் பல மடங்கு அதிகம். புத்தகத்தை முகத்தோடு ஒட்டி வைத்துப் படிக்க விடாதீர்கள்.

அப்புறம் அந்தக் கதிர்கள். பிழையே இல்லாத ஒளியமைப்பு யாருடைய கண்ணிலும் கிடையாது. இருட்டில் கண்பாவை விரிந்ததும் ஓரங்கள் வழியாகவும் ஒளி நுழைகிறது. அது நடுவில் வரும் ஒளியோடு ஒரே புள்ளியில் சேராது, விளக்கு சிதறித் தெரியும். அட்டையில் ஊசியால் ஒரு துளை போட்டு அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள், கதிர்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் கண்ணை ஓயாமல் கசக்குகிறாளா, சிலிண்டர் பவரும் (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிசெய்யும் பவர்) வேகமாக ஏறுகிறதா? அப்படியானால் கருவிழி கூம்பு போலப் பிதுங்குகிறதா என்று பார்க்க, கருவிழியின் வளைவை ஸ்கேன் எடுக்கவேண்டும், தள்ளிப் போடாதீர்கள்.

பரிசோதனைக்கு முன் கண்ணின் உள்தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்த பவர்தானா இது என்று கேளுங்கள். சிறுபிள்ளைகள் அந்தத் தசையை இறுக்கிப் பார்ப்பதால் மைனஸ் கூடுதலாகக் காட்டிவிடும். அடுத்த முறை கண்ணின் நீளத்தையும் அளந்து சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கருவியில் மறுபடி அளந்தால், எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பது தெரிந்துவிடும்.